தோட்டத்துக்குப் போகுமுன் தோப்புக்கரணம்

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் என் பாத்திக்குப் புது மண் போடலாம் என்று 25 லிட்டர் மூட்டை இரண்டு வாங்கி வைத்திருந்தேன். முதல் நாள் ராத்திரி கொட்டிய மழையில் ஒரு மூட்டையின் வாய் பிரிந்து தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியாது. காலை ஏழே கால் மணி. காபிகூடக் குடிக்கவில்லை. குனிந்தேன், மூட்டையின் இரண்டு காதையும் பிடித்தேன், தூக்கிய வாக்கிலேயே பாத்திப் பக்கம் திரும்பினேன். இடுப்பின் இடது பக்கத்தில் யாரோ ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி ஒரு பிடிப்பு. அதற்குப் பிறகு நிமிர முடியவில்லை.

குனிந்தபடியேதான் வீடு போய்ச் சேர்ந்தேன். மின்தூக்கியில் ஏறிய எட்டாவது மாடித் தம்பி, "என்னக்கா, ஏதாச்சும் கீழ விழுந்துடுச்சா? நான் எடுத்துத் தரவா?" என்று அவரும் குனிந்து தேடினார். சிரித்தால் வலித்தது.

வீட்டுக்காரர் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "தோட்ட வேலையே பெரிய எக்சர்சைஸ், தனியா எதுக்குன்னு ஆறு வருஷமா சொல்லிட்டிருந்தியே?"

சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். மகள் கட்டிவிட்ட கைக்கடிகாரம் தினமும் பத்தாயிரம் அடிக்கு மேல் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து என் உடம்பு கெட்டியாக இருக்கிறது என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். எனக்கு வயது 61.

பலதுறை மருந்தகத்தில் காட்டியதில் எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்று சொல்லி இயன்முறை சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது ஒரு மலாய்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்பாள் என நான் கையை இடுப்புக்குக் கொண்டுபோனேன். அவளோ, "தோட்டத்தில் என்னென்ன செய்வீர்கள் ஆன்ட்டி? செய்து காட்டுங்கள்" என்றாள். தரையில் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்தாள். மண்மூட்டை என்று நினைத்துத் தூக்கினேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 வினாடிக்குள் எத்தனை முறை எழுந்து உட்கார முடியுமோ அத்தனை முறை செய்யச் சொன்னாள்.

எனக்கு வந்தது 9. அறுபதிலிருந்து அறுபத்து நான்கு வயதுப் பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே என்று கணக்காம். ஆண்களுக்கு 14. நீங்களும் செய்து பாருங்கள். உட்காரும் உயரம் 43 சென்டிமீட்டர் அளவில், சுவரோரமாகப் போட்ட, சக்கரமில்லாத நாற்காலியாக இருக்க வேண்டும்.

"ஆனா நான் தினமும் தோட்டத்தில் வேலை செய்றேனே" என்றேன், கொஞ்சம் ரோஷத்தோடு.

"அதனால்தான்" என்றாள்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தசை வளர வேண்டுமென்றால் பழகியதைவிடக் கொஞ்சம் கூடுதலான பாரம் அதற்குக் கிடைக்க வேண்டும். ஆறு வருடமாக அதே பாத்தி, அதே பூவாளி, அதே களைக்கொத்தி. உடம்பு முதல் சில மாதத்திலேயே அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, இனி இதற்கு மேல் தேவையில்லை என்று நின்றுவிட்டது. ஆனால் வயது நிற்கவில்லை. முப்பதைத் தாண்டினால் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை கரையும். அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாக. இதில் இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்தில் நாம் செய்வது பெரும்பாலும் ஒரே அசைவு: முன்னால் குனிவது. பின்னால் இழுப்பதோ, முதுகை நிமிர்த்துவதோ, ஒற்றைக் காலில் நிற்பதோ அங்கே அபூர்வம். குனிந்தே இருபது நிமிடம் களை பிடுங்கினால் முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்கள் இழுபட்டுத் தளர்ந்துவிடும். உடனே எழுந்து மூட்டையைத் தூக்கினால் அவை பிடித்துக்கொடுக்காது. தோட்டம் என்னைப் பலமாக்கும் என்று நான் காத்திருந்தது தலைகீழ். தோட்டத்துக்குத் தேவையான பலத்தை நான்தான் வெளியிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

அவள் சொன்னதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது காலை நேர விஷயம். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் ராத்திரி நாம் படுத்திருக்கும்போது தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடுமாம். காலையில் நாம் இரண்டொரு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது அதனால்தான். அந்த உப்பிய வட்டுகளோடு எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் நன்றாகக் குனிந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிடக் கூடுதல். சிங்கப்பூரில் தோட்டக்காரர்கள் எல்லோரும் என்ன செய்கிறோம்? ஏழு மணிக்கு விடிகிறது, ஒன்பதுக்கே வெயில் சுடுகிறது என்று எழுந்த கையோடு பாத்தியில் குனிகிறோம். இப்போது நான் வரிசையை மாற்றிவிட்டேன். போனதும் நின்றபடி செய்யும் வேலை: காராமணி பறிப்பது, பாகற்கொடியைப் பந்தலில் ஏற்றிக் கட்டுவது, முருங்கையைக் கவாத்துப் பண்ணுவது, தண்ணீர் ஊற்றுவது. தரை வேலையெல்லாம் எட்டு மணிக்கு மேல்தான்.

குனிவது எவ்வளவு பாரம் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற எலும்பு மருத்துவர் 1960-களிலும் 1970-களிலும் உயிருள்ள மனிதர்களின் வட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அளந்திருக்கிறார். நிற்கும்போது அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், முன்னால் குனியும்போது 150. கையில் எடையோடு குனிந்தால் 220. அந்த ஊசிக்கு ஒத்துக்கொண்ட புண்ணியவான்கள் யாரோ!

அதற்காகக் குனியாமல் இருக்க முடியுமா? என் வீட்டு வாசலிலேயே 22 தொட்டி. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. அதனால் தொட்டிகள் எல்லாம் சுவரோரம் நெருக்கியடித்து நிற்கின்றன. டெங்கி பயத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு தட்டையும் எடுத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். குனிந்துதான் ஆக வேண்டும். எந்த இடத்தில் மடங்குவது என்பதில்தான் விஷயம். முதுகு வளையக் கூடாது, தொடையும் இடுப்பும் சேரும் மூட்டில் மடங்க வேண்டும்.

கேட்க எளிது. எனக்கு இது வர இரண்டு வாரம் ஆனது. துடைப்பக் கட்டையை முதுகோடு நீளவாக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே பின்புற எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் கட்டை தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே முன்னால் சாய வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஒவ்வொரு முறையும் கீழ் எலும்புதான் விட்டுப்போகும். சுவருக்கு ஓர் அடி முன்னால் நின்றுகொண்டு, பிட்டத்தால் சுவரைத் தேடித் தொடுவது போலச் செய்தபோதுதான் பிடிபட்டது. சரியாகச் செய்தால் தொடையின் பின்பக்கம் இழுக்கும், முதுகு சும்மா இருக்கும். இழுப்பது முதுகாக இருந்தால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

இதை எனக்கு முன்னாலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் தோட்டத்தில் பக்கத்துப் பாத்தி ஒரு சீனப் பாட்டியுடையது. வயது 78. கைலானும் சீனக் கீரைகளும் போடுவார். எனக்கு ஹொக்கியன் தெரியாது, அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியாது. பழைய சந்தை மலாயில்தான் எங்கள் பேச்சு. நான் சங்குலால் மண்ணைக் கொத்தும்போதெல்லாம் (மண்வெட்டியை எங்கள் தோட்டத்தில் தமிழர்கள்கூட மலாய்ப் பெயரில்தான் சொல்வார்கள்) அவர் வந்து என் முதுகில் தட்டி, "ஜாங்கான் போங்கோக்! பெலான்-பெலான்" என்பார். கூன் போடாதே, மெதுவாக என்று அர்த்தம். வயதானவர் எதையோ சொல்கிறார் என்று சிரித்துவைப்பேன். அவர் கொத்துவதைப் பார்த்தால், ஒரு கால் முன்னால், முதுகு பலகை மாதிரி, எடையெல்லாம் பின்காலிலிருந்து முன்காலுக்குப் போய்ப் போய் வரும். கை சும்மா கூட வருகிறது. இந்த ஊர்க் களிமண்ணில் அவர் அரை மணி கொத்துவார், மூச்சு வாங்காது. அந்தத் துடைப்பக் கட்டைப் பாடத்தை அவர் யாரிடமும் படித்ததில்லை.

அடுத்தது உட்கார்ந்து எழுவது. அந்தப் பெண் "ஸ்குவாட்" என்று சொல்லிச் செய்துகாட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் ஆயா வெள்ளிக்கிழமைதோறும் சிலோன் ரோட்டில் உள்ள செண்பக விநாயகர் கோயிலுக்கு எங்களை அழைத்துப்போவார். மூன்று தோப்புக்கரணம் போட்டால்தான் சுண்டல். நான் முழங்காலை லேசாக மடக்கிப் பிள்ளையாரை ஏமாற்றிவிட்டு ஓடுவேன். ஆயாவோ எழுபதைத் தாண்டியும் முழுக்கக் கீழே போய் எழுவார். அம்மிக்கு முன்னாலும் முருங்கைக்கீரை உருவும்போதும் மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்திருப்பார். நான் நாற்காலி, சோபா, பேருந்து இருக்கை என்று நாற்பது வருடம் வாழ்ந்துவிட்டு, பாத்திக்கு முன்னால் மட்டும் ஆயாவைப் போல உட்கார ஆசைப்பட்டால் முழங்கால் எப்படிக் கேட்கும்?

காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டுக் காட்டினேன். அந்தப் பெண் ரசித்துப் பார்த்துவிட்டு, கையை மார்போடு சேர்த்துப் பிடிப்பதால் முதுகு நிமிர்ந்து நிற்க வசதி, நல்லதுதான் என்றாள். ஆனால் நேரே கீழே போக விடவில்லை. முதலில் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்தி, உட்கார்ந்து எழுவது. பத்து முறை சிரமமில்லாமல் வந்ததும் தலையணை போனது. பிறகு நாற்காலிக்குப் பதில் முக்காலி. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், முழங்கால் உள்பக்கம் விழாமல் காலின் இரண்டாவது விரலை நோக்கிப் போக வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் முக்காலியோடு நிற்பதில் தப்பே இல்லை. தோட்டத்திலும் அதே முக்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எடைக்கு நான் எங்கும் போகவில்லை. தேக்கா சந்தைப் பக்கம் வாங்கும் 5 கிலோ பொன்னி அரிசிப் பை போதும். ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு தோப்புக்கரணம். இரண்டு வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகுமளவு வாங்கி, கைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டு நடைபாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடை. தோள் ஏறக்கூடாது, உடம்பு எந்தப் பக்கமும் சாயக்கூடாது. "என்ன ஆன்ட்டி, அரிசி விலை ஏறப்போகுதா?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். பூவாளி தூக்கும் வேலைக்கு இதைவிட நேரான பயிற்சி இல்லை. 10 லிட்டர் பூவாளி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 10 கிலோ. அதை ஒரே கையில் தூக்கினால் மறுபக்க இடுப்புத் தசை நம்மை நேராகப் பிடித்து வைக்கப் படாத பாடு படும். நான் இப்போது 5 லிட்டர் பூவாளி இரண்டு வைத்திருக்கிறேன். நடையும் நேராகிவிட்டது.

கைப்பிடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கவாத்துக் கத்தரியை அரை மணி அழுத்தினால் கட்டைவிரல் அடிமூட்டு எனக்கு இரண்டு நாள் வலிக்கும். போதாக்குறைக்குக் கையுறை. எனக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. இந்த ஊர் மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி இருக்கிறது, கையில் சின்னக் கீறல் இருந்தாலும் உள்ளே போய்விடும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது. அதனால் மழைக்குப் பிறகு கையுறை இல்லாமல் நான் மண்ணைத் தொடுவதே இல்லை. ஆனால் தடித்த கையுறை போட்டால் அதே கத்தரியை இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் இடியாப்ப உழக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இடியாப்பம் என்றால் முன்பு வீட்டுக்காரரைப் பிழியச் சொல்வேன். இப்போது நானே பிழிகிறேன், கை மாற்றி மாற்றி. மற்ற நாளில் ஈரத் துண்டை இரண்டு பக்கமும் முறுக்கிப் பிழிவது. பிடிக்க மட்டும் பழக்கினால் போதாது, விரிக்கவும் வேண்டும். கீரைக்கட்டில் வரும் ரப்பர் வளையத்தை ஐந்து விரலிலும் மாட்டி விரித்து மூடுகிறேன். தொலைக்காட்சியில் செய்தி முடிவதற்குள் ஆகிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது. கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டிப் பிடித்து, பிறகு மாற்றுவது. ரப்பர் பட்டையை வாசல் இரும்புக் கதவில் கட்டி, முழங்கை பின்னால் போகும்வரை இழுப்பது (கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்). ஒற்றைக் காலில் நிற்பதற்கு எங்கள் புளோக் மின்தூக்கியே போதும், அவ்வளவு மெதுவாக வரும். ஐந்தாவது மாடி வரும்போது காலை மாற்றுவேன்.

வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியும் தசைக்கு வாரம் இரண்டு நாளாவது என்றுதான் சொல்கிறது. 65-க்கு மேற்பட்டவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி வாரம் மூன்று நாள். பத்தில் கடைசி இரண்டு கொஞ்சம் திணற வேண்டும். திணறவில்லையென்றால் எடை போதவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை கனக்கும், அது போய்விடும். ஆனால் வலி காலுக்குள் மின்சாரம் மாதிரி இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் வித்தியாசம் தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். அங்கே அரிசிப் பைக்கு வேலையில்லை.

ஜிம்முக்கே போகலாமே என்று மகள் சொன்னாள். போகலாம்தான். எனக்குத்தான் அந்தக் கண்ணாடிச் சுவரும் சத்தமான பாட்டும் ஒத்துவரவில்லை. தவிர, அங்கே போய்வரும் நேரத்தில் ஒரு பாத்தியில் களை பிடுங்கிவிடலாம் என்று மனது கணக்குப் போடும்.

எங்கள் தோட்டமும் கம்யூனிட்டி இன் புளூம் என்ற சமூகத் தோட்டத் திட்டத்தில் உள்ளதுதான். தேசியப் பூங்காக் கழகம் 2005-ல் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் தோட்டம் எதற்குள் எட்டிப் பார்த்தாலும் நரைத்த தலைகள்தான் அதிகம். நான் பிறந்த 1963-ல்தான் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டு இந்த மரம் நடும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1971-லிருந்து நவம்பர் மாதத்தில் மரம் நடும் நாள். அந்த வயதில் குழி வெட்டுவதும் குதிப்பதும் ஒன்றுதான். அப்போது நட்டவர்கள்தான் இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். தோட்டத்தில் விதை பரிமாறும் நாள் வைக்கிறார்கள், எரு போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். மூட்டையை எப்படித் தூக்குவது என்று மட்டும் இதுவரை யாரும் ஒரு வகுப்பு வைத்து நான் பார்க்கவில்லை.

பத்து வாரம் கழித்துக் கடைசி முறையாக அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். அதே நாற்காலி, 30 வினாடி. 14 வந்தது. நான் இன்னும் ஒரு முறை எழுந்திருப்பேன், நேரம் முடிந்துவிட்டது. அவள் கணினியில் குறித்துக்கொண்டாள். மூட்டையை இப்போது தூக்குகிறீர்களா என்று கேட்டாள். தூக்குவதில்லை என்றேன். கிடந்த இடத்திலேயே வாயைக் கிழித்து, இரண்டு வாளியில் பாதிப் பாதியாக அள்ளிக்கொண்டு போகிறேன். "ரொம்ப நல்லது" என்றாள். நான் எழுந்து கதவுவரை போனதும், "ஆன்ட்டி, ஒரு நிமிஷம்" என்று கைப்பேசியை எடுத்தாள். அவள் அம்மா தொட்டியில் வளர்க்கும் லீமாவ் பூருட் (ஒரு வகை எலுமிச்சை) செடி. கொழுந்து இலையெல்லாம் சுருண்டிருந்தது. படத்தை விரலால் விரித்துப் பார்த்தேன். இலையில் வெள்ளி நூல் ஓடிய மாதிரி வளைவு வளைவாகத் தடம்.

"இலைக்குள்ள புழு இருக்கும்மா. சுருண்ட கொழுந்தைக் கிள்ளி, பையில கட்டிக் குப்பையில போடச் சொல்லு. தொட்டியில போடக்கூடாது. அப்புறம் புதுத் துளிர் வர்றப்போ..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் வெளியே திரையில் அடுத்த எண் வந்துவிட்டது.